பால் லாரி தாமதமான காலை

சலோமா ரேபர் தன் முதுகைத் தானே பார்த்தது அந்தப் புதன்கிழமைதான்.

எஸ்டா மாஸ்ட்டின் மளிகைக்கடைப் பின்னறையில், ஓட்ஸ் மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்து, புதிதாக வந்த புத்தகப் பெட்டியைப் பிரித்துக்கொண்டிருந்தாள். வாரத்தில் சில நாள் அவளுக்கு அங்கே வேலை. மாவும் சர்க்கரையும் பை பையாகக் கட்ட வேண்டும், பட்டை கிராம்பைப் பொட்டலம் போட வேண்டும், கல்லாவுக்குப் பக்கத்தில் நிற்கும் கம்பித் தட்டில் நாவல்களை அடுக்க வேண்டும். எல்லாம் அவளைப் போன்ற ஆமிஷ் பெண்களைப் பற்றிய கதைகள்; காரும் மின்சாரமும் போட்டோவும் வேண்டாம் என்று குதிரை வண்டியோடு வாழும் கிறிஸ்தவச் சபை அவர்களுடையது. கொட்டகை எரியும், யாராவது காணாமல் போவார்கள், இருநூறு பக்கம் தவித்த பிறகு கர்த்தர் கிருபையால் கல்யாணம் நடக்கும். எழுதுகிறவர்கள் இங்கிலீஷ்காரர்கள். ஹோம்ஸ் கவுண்டி என்ற அந்த அமெரிக்க மாவட்டத்தில் ஆமிஷ் அல்லாத எவரும் இங்கிலீஷ்காரர்தான், அவர் எந்த நாட்டுக்காரராக இருந்தாலும் சரி. சுற்றுலா பஸ்ஸில் வந்து இறங்கி வாங்குகிறவர்களும் அவர்களே. ஆனாலும் ஒவ்வொரு பெட்டியிலும் நாலைந்து புத்தகம் கறுப்புச் சால்வைகளுக்கு அடியில் நழுவிப் போய்விடுவது எஸ்டாவுக்குத் தெரியும். அவள் கண்டுகொள்வதில்லை.

அன்றைய பெட்டியில் மேலாக இருந்த புத்தகத்தின் அட்டையில் பனிமூட்டம். மரக் கேட்டின் மேல் ஒரு கையை வைத்தபடி ஒரு பெண், நமக்கு முதுகைக் காட்டி நிற்கிறாள். கறுப்புக் கோட்டு, வெள்ளைத் தலைக்குல்லா, ஒரு பக்கக் கன்னமும் மூக்கு நுனியும் மட்டும். காலடியில் ஒரு நாய். அதற்கு ஒரு காது மட்டும் வெள்ளை.

"ஷெப்!" என்றாள் சலோமா, வாய்விட்டே.

நாயைத்தான் முதலில் தெரிந்தது. ஷெப் செத்து இரண்டு குளிர்காலம் ஆகிவிட்டது. பிறகு கேட்டைத் தெரிந்தது, மேல் கட்டை உடைந்து தம்பி அட்லி வேறு கட்டை அடித்த அதே கேட். கேட்டுக்கு இப்பால் மாடுகள் குடிக்கும் சிமெண்டுத் தொட்டி, அதன் தண்ணீரில் வெள்ளையாக வானம். கடைசியாகத்தான் கோட்டைத் தெரிந்தது. அம்மாவின் கோட்டு. அம்மா இறந்த வசந்தத்தில் மட்டும் சலோமா அதைப் போட்டிருந்துவிட்டு, இந்தியானாவில் இருக்கும் பெரியப்பா மகளுக்குக் கொடுத்துவிட்டாள்.

சலோமாவின் வீட்டில் இருப்பது முகம் மட்டும் கொள்ளும் கண்ணாடி. தன் முழு உருவத்தை, அதுவும் பின்னாலிருந்து, அவள் பார்த்ததே கிடையாது. படத்தில் இருந்தவள் சும்மா நிற்கவில்லை. கழுத்து நீண்டிருந்தது, குதிகால் கொஞ்சம் எழும்பியிருந்தது. யாரோ வரவேண்டிய பாதையை அவள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

'நான் எப்போ இப்படி நின்னேன்?'

புத்தகத்தின் விலையைக் கல்லாவில் போட்டுவிட்டு, ஒன்றை ஏப்ரனுக்குள் செருகிக்கொண்டாள்.

அவளுக்கு அப்போது நாற்பத்து நாலு வயது. இருபதுகளில் ஏடன் என்பவன் சில ஞாயிற்றுக்கிழமை பாட்டுக்கூட்டம் முடிந்து அவளைத் தன் வண்டியில் வீட்டுக்குக் கொண்டுவந்து விட்டிருக்கிறான். குதிரையைப் பற்றி நிறையப் பேசுவான். அடுத்த இலையுதிர்காலத்தில் அவளுடைய சித்தப்பா மகளைக் கட்டிக்கொண்டான். கல்யாண விருந்தில் உருளைக்கிழங்கு மசித்தது சலோமாதான். அப்புறம் அப்பா படுத்தார், அப்பாவுக்குப் பின் அம்மா படுத்தாள், இரண்டு பேரையும் அவள்தான் பார்த்துக்கொண்டாள். பண்ணை கடைசி மகனான அட்லிக்கு வந்தது. பெரிய வீட்டோடு ஒட்டிக் கட்டிய சிறு வீடு அவளுக்கு. காலையும் மாலையும் அட்லியோடு சேர்ந்து மாடு கறப்பாள். இரவுச் சாப்பாடு அட்லி குடும்பத்தோடு, பிள்ளைகள் உட்காரும் பெஞ்சில். பிள்ளைகள் வளர வளர அந்தப் பெஞ்சில் அவளுக்கான இடம் ஓரத்துக்கு நகர்ந்துகொண்டே போனது.

ஒரு ஞாயிறு விட்டு ஒரு ஞாயிறுதான் ஆராதனை. இடையில் வரும் ஞாயிறு ஒருவர் வீட்டுக்கு ஒருவர் போகும் நாள். அவரவர் பெண் கொடுத்த வீடு, பெண் எடுத்த வீடு என்று வண்டிகள் கிளம்பும். சலோமா எங்கே போனாலும் உபசாரத்துக்குக் குறைவில்லை. கூடுதலாக ஒரு தட்டை அலமாரியிலிருந்து எடுக்கும் சத்தம் மட்டும் அவளுக்குத் தனியாகக் கேட்கும்.

அந்த ஞாயிறு எங்கும் போகாமல் புத்தகத்தைப் படித்து முடித்தாள். கதாநாயகிக்கு இருபத்திரண்டு வயது. வைக்கோற்போரில் ஒளிந்திருந்த அந்நியனுக்குச் சூப் கொடுக்கிறாள், கொட்டகைக்கு நெருப்பு வைத்தவன் யார் என்று கண்டுபிடிக்கிறாள், இதற்கு நடுவில் மத்தியானம் இரண்டு மணிக்கு மாடு கறக்கிறாள். சலோமா அந்த இடத்தில் தனியாகச் சிரித்தாள். ஆனால் கேட்டில் நிற்கும் பெண் கதையில் எங்குமே வரவில்லை. அவள் யாரைப் பார்த்து நின்றாள் என்பதும் வரவில்லை.

சேதி பரவ நாளாகவில்லை. தையல் கூட்டத்துக்குப் போய்விட்டு வந்த அட்லியின் மனைவி ஐவா வாசலிலேயே ஆரம்பித்தாள்.

"இனிமே உனக்கு மாடு கறக்கல்லாம் எங்க நேரம் இருக்கப்போவுது! புத்தகத்துல வந்த பொம்பளையாச்சே!"

"யார் சொன்னா?"

"யார் சொல்லல? அந்தக் கேட்டத் தெரியாதவங்க இந்தச் சுத்துவட்டாரத்துல யாரு? அட்லி அடிச்ச கோணக் கட்டய வச்சே கண்டுபிடிச்சிட்டாங்க. நான்தான் பேந்தப் பேந்த முழிச்சிட்டு உக்காந்திருந்தேன். நீ எனக்கு ஒரு வார்த்த சொல்லிருக்கலாம், சலோமா."

"எனக்கே தெரியாது ஐவா. சத்தியமா யார் எடுத்தாங்கன்னு தெரியாது."

"சத்தியம்லாம் பண்ணாத, நம்ம சபைல அதுவும் கூடாது. போட்டோவோட சேத்து அதுக்கும் பிஷப் வருவாரு," என்று சொல்லிவிட்டு ஐவா உள்ளே போய்விட்டாள்.

அந்த வாரமே பிஷப் மன்ரோ வந்தார். சலோமா பின்கட்டில் பட்டாணி உரித்துக்கொண்டிருந்தாள். அவரும் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, கேட்காமலே ஒரு கை பட்டாணியை எடுத்து உரிக்கத் தொடங்கினார்.

"படத்துல இருக்கிறது நீதானா?"

"நான்தான்."

"நின்னு கொடுத்தியா?"

"இல்ல. எடுத்ததே தெரியாது."

புத்தகத்தைக் கேட்டு வாங்கி, மூக்குக்கண்ணாடியை ஏற்றி இறக்கிப் பார்த்தார். "ஷெப் நல்லா விழுந்திருக்கான்," என்றார். பிறகு முகம் மாறியது. "தெரியாம எடுத்ததுக்கு உம்மேல குத்தமில்ல. சபைல நான் சொல்லிடறேன். ஆனா சலோமா, யாரு என்னன்னு தேடிக்கிட்டுப் போகாத. நம்மள ஒருத்தர் அப்படிப் பாத்தாங்கன்னு நினைக்க ஆரம்பிச்சா, அதுல பெருமை வந்து ஒட்டிக்கும். ஒட்டுச்சுன்னா கழுவுறது கஷ்டம்."

புத்தகத்தைக் கோட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டு போனார்.

தேடக் கூடாது என்றுதான் சலோமாவும் இருந்தாள். ஆனால் தொட்டி அவளை விடவில்லை. படத்தில் தொட்டித் தண்ணீர் தெரிந்தது. அந்தத் தொட்டிக்கும் சாலைக்கும் நடுவே தோளளவு கற்சுவர் இருக்கிறது. சாலையில் நின்றால் சுவர்தான் தெரியும்.

ஒரு சாயங்காலம் தீவனம் போட்டுவிட்டு வந்தவள் சாலையில் போய் நின்று பார்த்தாள். சுவர்தான். குதிரை வண்டி சாலையோரமாக நின்றிருந்தது. அதில் ஏறி, பெஞ்சின் மேல் நின்று எட்டிப் பார்த்தாள். தொட்டியின் விளிம்பு தெரிந்தது, தண்ணீர் தெரியவில்லை. வேலிக்குப் பின்னால் அட்லியின் பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

"சலோமா அத்தை பறக்கப் போறாங்க!"

"என்ன பண்ற?" என்று கொட்டகை வாசலிலிருந்து கேட்டான் அட்லி.

"தொட்டிய பாக்கறேன்."

"தொட்டிய கீழ நின்னு பாத்தா ஆவாதா?"

வண்டிப் பெஞ்சைவிட உயரமாக அந்தச் சாலையில் வருவது ஒன்றே ஒன்றுதான். தினம் காலையில் கேன்களை ஏற்றிக்கொண்டு சீஸ் ஆலைக்குப் போகும் பால் லாரி. அதை நினைத்ததும் அவள் கீழே இறங்கி உள்ளே போய்விட்டாள்.

மறுநாள் லாரி வந்ததும் டிரைவர் ரிக்கிடம் போனாள். ரிக் தொந்தி பருத்தவன், வாய் ஓயாதவன்.

"உங்க சீட்ல ஏறி ஒரு நிமிஷம் பாக்கலாமா?"

"ஏறுங்க ஏறுங்க. ஓட்டத் தாங்கன்னு மட்டும் கேட்டுடாதீங்க, அப்புறம் உங்க பிஷப் என்னைப் புடிச்சிப்பாரு."

பாவாடையைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு ஏறி உட்கார்ந்தாள். கேட், கோணல் கட்டை, கற்சுவர். சுவருக்கு மேலாகத் தொட்டி நிறையத் தண்ணீர்.

இறங்கியதும், "உங்களுக்கு முன்னாடி வந்தவரு..." என்று ஆரம்பித்தாள்.

"டெல்பர்ட்டா? பாவம், பக்கவாதம் வந்து விழுந்துட்டாருல்ல! இப்ப மில்லர்ஸ்பர்க்ல முதியோர் இல்லத்துல இருக்காரு. ஒரு கை வராது. பேச்சு வந்திருச்சு, கொஞ்சம் இழுக்கும். உங்களுக்குத் தெரியாதா?"

தெரியாது. டெல்பர்ட் ஹால் வருவது நின்ற அந்த வாரத்தில், "வேற ஆள் போட்டிருக்காங்க" என்று அட்லி சொன்னான். ஏன் என்று அவள் கேட்கவில்லை. கேட்டால் குரல் எப்படி வருமோ என்று பயந்துதான் கேட்கவில்லை. இப்போது ரிக்கின் லாரிக்குப் பக்கத்தில் நின்றபோதுதான் அந்தப் பயம் எதனால் என்று அவளுக்குப் புரிந்தது.

டெல்பர்ட் பத்துப் பன்னிரண்டு வருஷம் வந்துகொண்டிருந்தவர். மனைவியை இழந்தவர். ஷெப்புக்கென்று ரொட்டி ஓரங்களைக் காகிதத்தில் சுற்றிக் கொண்டுவருவார். பேச்சு என்று பார்த்தால், "மழை வரும்போல இருக்கு" என்பார். "வரட்டும், வைக்கோல் உள்ள போயிருச்சு" என்பாள் இவள். அவ்வளவுதான். அம்மாவை அடக்கம் செய்த அன்று எஞ்சினை நிறுத்திவிட்டுத் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்தபடி சாலையில் நின்றார். அந்த வாரம் முழுவதும், அவளைத் தூக்க விடாமல், பால் அறையிலிருந்து கேன்களைத் தானே சுமந்துபோய் ஏற்றினார்.

அடுத்த இடை ஞாயிறு சலோமா தானே குதிரையைப் பூட்டினாள்.

"யார் வீட்டுக்கு?" என்றாள் ஐவா.

"உடம்பு சரியில்லாத ஒருத்தரப் பாக்க."

ஐவா மேலே கேட்க வாயெடுத்தாள். அட்லி அவளைப் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டாள்.

இல்லத்தில் ஜன்னலோரமாக, சக்கர நாற்காலியில் இருந்தார் டெல்பர்ட். கட்டம் போட்ட சட்டைக்குப் பொத்தான் மாற்றிப் போட்டிருந்தது. உடம்பு பாதியாகியிருந்தது. அவளைப் பார்த்ததும் நாற்காலியை அவள் பக்கம் திருப்பினார். பிறகு ஒரு பக்கமாக இழுத்த வாயால் கேட்டார்:

"கேனக் கொண்டாந்தீங்களா?"

சலோமாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கொண்டுவந்த ரொட்டியையும் ஆப்பிள் ஜாம் பாட்டிலையும் ஜன்னல் விளிம்பில் வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தாள். எப்படிக் கேட்பது என்று வழியெல்லாம் யோசித்து வந்ததெல்லாம் மறந்துபோய்விட்டது.

"அந்தப் படம் நீங்க எடுத்ததா?"

அவர் கண்ணை மூடிக்கொண்டார். "நீங்க பாத்துடக் கூடாதுன்னுதான் வேண்டிக்கிட்டிருந்தேன். நான் குடுக்கல, சலோமா. வீட்டக் காலி பண்றப்ப என் பொண்ணு கோனி கேமராவுல இருந்ததயெல்லாம் எடுத்து கம்ப்யூட்டர்ல விக்கப் போட்டுட்டா. அவளுக்கு அது ஏதோ ஒரு ஆமிஷ் பொம்பள. புத்தகமா வந்தப்புறம்தான் எனக்கே காட்டினா."

"நிறைய எடுப்பீங்களா?"

"கணக்கில்ல. பனி, ரோடு, மாடு, வேலில உக்காந்த காக்கா. மனுஷங்கள எடுக்க மாட்டேன். உங்க ஆளுங்களுக்குப் பிடிக்காதுன்னு தெரியும். ஒரே ஒரு தடவதான் கை மீறிப் போயிருச்சு."

"ஏன்?"

வார்த்தைகளை ஒவ்வொன்றாகத் தேடி எடுத்தார்.

"அன்னிக்குப் பனில மாட்டிக்கிட்டு ரொம்ப லேட்டு. பாலத்த வேற அடைச்சிட்டாங்க. எல்லாப் பண்ணையிலயும் கேன ரோட்டோரமா வச்சிட்டு அவங்கவங்க வேலயப் பாக்கப் போயிட்டாங்க. நான் சுத்திக்கிட்டு, எப்பவும் வர்ற பக்கம் இல்லாம, பின்பக்கமா வந்தேன். மேட்டுலேர்ந்து எஞ்சின அடக்கி மெல்ல உருட்டிக்கிட்டு வந்தா, நீங்க கேட்ல நிக்கிறீங்க. நான் எப்பவும் வர்ற பக்கத்தயே பாத்துக்கிட்டு." நிறுத்தி மூச்சு வாங்கினார். "என்னை எதிர்பாத்து யாரும் அப்படி நின்னதில்ல. என் பொண்டாட்டி இருந்தப்பகூட."

சலோமாவுக்கு அந்தக் காலை முழுதாக நினைவுக்கு வந்தது. பின்னாலிருந்து லாரி வந்து நின்றதும், அவள் திரும்பியதும், "எங்க போயிட்டீங்க?" என்று தன் வாயிலிருந்து வந்த கேள்வியும். அந்தக் குரலைக் கேட்டு அன்று அவளே திடுக்கிட்டிருந்தாள்.

"பாலுக்காக நின்னேன்," என்றாள். "கெட்டுப் போயிடுமேன்னு."

"ஆமா," என்றார் டெல்பர்ட். "பாலுக்காகத்தான்."

வெளியே யாரோ தள்ளுவண்டியை உருட்டிக்கொண்டு போனார்கள்.

"உங்களக் கேக்காம எடுத்தது தப்பு. மன்னிச்சிடுங்க."

"நாங்க மன்னிச்சிடுவோம், அது எங்களுக்குப் பழக்கம்," என்றாள் சலோமா. "ஆனா இதுல மன்னிக்கிறதுக்கு என்ன இருக்குன்னு எனக்குத் தெரியல." எழுந்துபோய் அவருடைய சட்டைப் பொத்தான்களை அவிழ்த்துச் சரியாகப் போட்டுவிட்டாள். அவ்வளவு பக்கத்தில் அவர் கண்ணைப் பார்க்க முடியாமல், பொத்தானையே பார்த்துப் போட்டாள்.

அன்று திரும்பும் வழியில் வண்டியை நேராக பிஷப் வீட்டுக்கு விட்டு, தேடக் கூடாது என்றதைத் தேடினேன் என்று ஒப்புக்கொண்டாள். யார், எப்படி என்று எல்லாவற்றையும் சொன்னாள். மன்ரோ தாடியைத் தடவிக்கொண்டே கேட்டுவிட்டுச் சொன்னார்:

"நோயாளியப் பாக்கப் போகாதன்னு நான் சொல்ல முடியாது. போ. ஆனா அவரு நம்ம ஆள் இல்ல, நீ ஞானஸ்நானம் வாங்கினவ, வெளியாளக் கட்டினா சபைல இடமில்ல. எது வரைக்கும் போறன்னு உனக்கு நீயே கேட்டுக்க."

"கேட்டுக்கறேன்."

"கேட்டா பதில் வருதா?"

"வந்தா சொல்றேன்," என்றாள்.

அந்தக் கோடையும் இலையுதிர்காலமும் இடை ஞாயிறுகளில் சலோமாவின் வண்டி மில்லர்ஸ்பர்க் சாலையில் போனது. பண்ணைகளில் என்ன நடக்கிறது என்று சொல்வாள். எந்த வளைவில் எந்தக் குழி என்று அவர் கேட்பார். சில சமயம் தங்கள் சபையில் வாசிக்கும் ஜெர்மன் வேதாகமத்திலிருந்து ஒரு சங்கீதம் வாசிப்பாள். அவருக்கு ஒரு வார்த்தை புரியாது. "நிறுத்தாதீங்க, சத்தம் நல்லாருக்கு" என்பார். கோனி ஒருமுறை வந்தபோது அழுது மன்னிப்புக் கேட்டாள், புத்தகம் போட்டவர்களுக்கும் எழுதினாள். அடுத்த முறை எஸ்டாவின் கடைக்கு வந்த பெட்டியில் அட்டை மாறியிருந்தது. உதட்டில் சாயம் பூசிய ஓர் இளம்பெண், இந்தப் பக்கத்தில் யாரும் போடாத குல்லா ஒன்றைப் போட்டுக்கொண்டு, கோதுமை வயலில் சிரித்துக்கொண்டிருந்தாள். பழையதைவிட அது நன்றாக விற்றது. சலோமாவே அடுக்கி வைத்தாள்.

குளிர்காலம் தொடங்கியபோது கோனி அப்பாவைத் தன்னோடு அரிசோனாவுக்கு அழைத்துப்போக முடிவு செய்தாள். அங்கே குளிர் கிடையாது, நல்ல மருத்துவர்கள் இருக்கிறார்கள். மறுத்துச் சொல்ல யாருக்கும் எதுவும் இல்லை, சலோமாவுக்கோ எந்த உரிமையும் இல்லை.

கடைசி ஞாயிறு டெல்பர்ட்டின் அறையில் பெட்டிகள் கட்டி வைத்திருந்தார்கள்.

"அங்க பனிமூட்டமே கிடையாதாம்," என்றார்.

"அப்ப லாரிக்காரங்களுக்கு நல்லது."

அவர் சிரிக்கப் பார்த்தார். முடியவில்லை. வரக்கூடிய இடது கையை நீட்டினார். அத்தனை வருஷத்தில் கேனின் கைப்பிடியைத்தான் இருவரும் மாறி மாறிப் பிடித்திருந்தார்கள். சலோமா அந்தக் கையை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டாள். விடும்போது அவர்தான் முதலில் விட்டார். அவள் விட மாட்டாள் என்று அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

அன்று மாலை மாடு கறந்து முடித்ததும், "எனக்குச் சாப்பாடு வேணாம்" என்று அட்லியிடம் சொல்லிவிட்டுச் சிறு வீட்டுக்குள் போனாள். விளக்கேற்றாமல் மேசையருகே உட்கார்ந்திருந்தாள். அழுது ஓய்ந்திருந்தபோது கதவு தட்டாமல் ஐவா வந்தாள். கையில் ஒரு கிண்ணம் நிறைய வெண்ணெய் காய்ச்சி ஊற்றிய நூடுல்ஸ், இரண்டு கரண்டி. கிண்ணத்தை நடுவில் வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள்.

வெகுநேரம் சும்மா இருந்தாள். ஐவாவுக்கு அது எவ்வளவு பெரிய காரியம் என்று சலோமாவுக்குத் தெரியும்.

"போயிட்டாரா?"

"நாளைக்கு."

"அவரு கேட்டிருந்தா நீ போயிருப்பியா, சலோமா? சபைய விட்டு?"

"கேக்கல."

"கேட்டிருந்தா?"

"கேக்கக் கூடாதுன்னு தெரிஞ்ச மனுஷன், ஐவா," என்றாள் சலோமா. "வேற மாதிரி ஆளா இருந்திருந்தா நான் அந்தக் கேட்ல நின்னிருக்கவே மாட்டேன்."

ஐவா தலையைக் குனிந்துகொண்டாள். பிறகு, "ஆறிப் போவுது," என்று ஒரு கரண்டியை அவள் பக்கம் தள்ளினாள். இருவரும் ஒரே கிண்ணத்திலிருந்து சாப்பிட ஆரம்பித்தார்கள்.